கலிவர் கட்டிய படகு

உயர்தர வகுப்பில் எங்களுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பித்த ஆசிரியர், கலிவரின் பயணங்களைக் கையில் எடுத்த அன்றைக்கே, "நீங்கள் எல்லாரும் இந்தக் கதையை அரைவாசிதான் வாசிச்சிருக்கிறியள்" என்றார். உண்மைதான். சின்ன வயதில் எங்கள் கைக்கு வந்த படப்புத்தகங்களில் இரண்டே பயணங்கள்தான் இருந்தன. ஆறங்குல மனிதர் வாழும் லில்லிபுட், அடுத்தது இராட்சத மனிதர் வாழும் பிராப்டிங்நாக். அத்தோடு கலிவர் வீடு வந்து சேர்ந்துவிடுவார். ஜொனதன் ஸ்விஃப்ட் 1726இல் தன் பெயரைப் போடாமல் வெளியிட்ட மூலநூலிலோ நான்கு பயணங்கள். சிறுவர் பதிப்புகள் வெட்டி எறிந்த அந்தப் பின்பாதியில்தான், மனிதன் தன் பகுத்தறிவைப் பற்றி வைத்திருக்கும் பெருமையை ஸ்விஃப்ட் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டிருக்கிறார்.

எங்கள் சேர் ஸ்விஃப்டைத் தொல்காப்பியத்திலிருந்து தொடங்கினார். இதை நான் சொல்லும்போது மற்றப் பாடசாலைகளில் படித்தவர்கள் நம்புவதில்லை. அங்கதம் இரண்டு வகை என்று தொல்காப்பியர் பிரித்திருக்கிறார்: நேரே வசைபாடுவது செம்பொருள் அங்கதம், பழியை மறைத்து வைத்துப் பாடுவது பழிகரப்பு அங்கதம். இரண்டாவதற்கு உதாரணமாகச் சேர் எடுத்தது, தொண்டைமானிடம் தூது போன ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டு. உன் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன. காதுக்குப் புகழ்ச்சிதான். யாருக்குச் சொல்லப்பட்டதோ அவருக்கு மட்டும் அது வேறாகக் கேட்டிருக்கும். அடுத்து வள்ளுவர். 'தேவர் அனையர் கயவர்' என்று தொடங்கி, இருவருமே மனம்போன போக்கில் நடப்பவர்கள் என்று முடிக்கும் குறளை அவர் கரும்பலகையில் எழுதினார். முதல் மூன்று சொல்லோடு நிறுத்திவிட்டு, இது புகழா பழியா என்று கேட்டார். பிறகுதான் ஸ்விஃப்ட் வந்தார்.

கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு கேள்விகளை எழுதச் சொன்னார். ஆர் கதைக்கிறது? அவர் சொல்லுறதை நீர் நம்புறீரா? அங்கதக் கதையை வாசிக்க இதைவிட நல்ல திறவுகோலை எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்கு யாரும் தரவில்லை. கலிவர் ஸ்விஃப்ட் அல்ல. கலிவர் கண்டதை ஒளிக்காமல் சொல்பவர். ஆனால் கண்டதன் பொருள் அவருக்கு அநேகமான இடங்களில் பிடிபடுவதில்லை. அவர் தவறவிட்டதைப் பிடிக்கவேண்டியது வாசகர் வேலை.

லில்லிபுட்டில் முட்டையை எந்தப் பக்கத்தால் உடைப்பது என்பதற்காக நடந்த சண்டை எல்லோருக்கும் தெரியும். சிறிய முனையால் உடைக்க மறுத்து 11,000 பேர் உயிரை விட்டார்கள் என்று கலிவரிடம் ஓர் அமைச்சர் கணக்குச் சொல்கிறார். சமயப் பிரிவுகளின் சண்டையைத்தான் ஸ்விஃப்ட் அங்கே குறிவைக்கிறார். கயிற்றில் ஆடிப் பதவி பிடிக்கும் அமைச்சர்களும், குதியின் உயரத்தால் பிரிந்த கட்சிகளும் அப்படித்தான். அவை அன்றைய இங்கிலாந்து அரசியல் என்பதால் அடிக்குறிப்பு இல்லாமல் இன்று அவ்வளவாகச் சுடுவதில்லை. ஆனால் ஓர் இடம் எந்த அடிக்குறிப்பும் இல்லாமல் சுடும். கலிவரின் கண்களைக் குருடாக்குவது என்று அரசவை முடிவு செய்கிறது. கொலைத்தண்டனை விதிக்காமல் விட்டது பேரரசரின் கருணையாம். அந்த நாட்டில் ஒவ்வொரு கொடிய தண்டனைக்குப் பிறகும் பேரரசரின் இரக்கத்தைப் போற்றி ஓர் உரை நாடெங்கும் வெளியிடப்படும். அந்தப் புகழுரைகளைப்போல மக்களை நடுங்கவைத்தது வேறொன்றும் இல்லை, புகழ்ச்சி நீள நீளத் தண்டனை கொடியதாகவும் தண்டிக்கப்பட்டவன் குற்றமற்றவனாகவும் இருப்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள் என்கிறார் கலிவர். அதை வாசித்த பிறகு எந்த அரசாங்கத்தின் 'மனிதாபிமான' அறிக்கையையும் என்னால் அந்த வரிகளின் நினைவில்லாமல் வாசிக்க முடிந்ததில்லை.

பிராப்டிங்நாக்கில் கோணம் தலைகீழாகிறது. இங்கே கலிவர்தான் குட்டி மனிதர். தன் நாட்டின் பெருமைகளையெல்லாம் அடுக்கிய பிறகு, அரசரின் மனதைப் பிடிக்க வெடிமருந்து செய்யும் முறையைப் பரிசாகத் தர முன்வருகிறார். கோட்டைகளைத் தகர்க்கலாம், எதிர்க்கும் நகரத்தைத் தரைமட்டமாக்கலாம் என்று உற்சாகமாக விவரிக்கிறார். அரசர் திகைத்துப்போய், பாதி இராச்சியத்தை இழந்தாலும் இழப்பேனே தவிர இந்த இரகசியம் எனக்கு வேண்டாம், உயிர்மேல் ஆசையிருந்தால் இதைப் பற்றி இனி வாயே திறக்காதே என்கிறார். இதற்குக் கலிவர் சொல்லும் கருத்துத்தான் முக்கியம்: குறுகிய கொள்கைகளின் விளைவு, தூரநோக்கு இல்லாத பேச்சு! இந்த வரியில் சேர் நிறுத்திவிட்டு எங்கள் கொப்பியின் முதல் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். ஒரு நகரத்தை எரிக்கும் அறிவை வைத்திருப்பவன், அதை வேண்டாம் என்பவனைப் பார்த்துப் படிப்பறிவில்லாதவன் என்று பரிதாபப்படுகிறான். 18ஆம் நூற்றாண்டு அறிவின் நூற்றாண்டு என்று வரலாற்றுப் பாடத்தில் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

மூன்றாம் பயணம் மேடுபள்ளமானது. வெள்ளரிக்காயிலிருந்து சூரிய ஒளியைப் பிரித்தெடுக்க எட்டு வருடமாகப் பாடுபடும் ஆய்வாளர், கூரையிலிருந்து கீழ்நோக்கி வீடு கட்டும் கட்டடக்கலைஞர் எல்லாம் சுவைதான். ஆனால் ஸ்விஃப்ட் அங்கே விஞ்ஞானத்துக்குக் கொஞ்சம் அநியாயம் செய்துவிட்டார் என்றே நினைக்கிறேன். இலண்டன் அரச கழகத்து ஆய்வுக் கட்டுரைகளைத்தான் அவர் பல இடங்களில் திரித்துக் காட்டினார். அந்தக் கட்டுரைகள் சிலவற்றிலிருந்து மனித குலத்துக்கு நன்மையும் விளைந்திருக்கிறது. சாவே இல்லாமல் முதுமையில் மட்டும் வளர்ந்துகொண்டு போகும் ஸ்ட்ரல்ட்பிரக்குகள் வரும் அத்தியாயத்துக்காக அந்தப் பகுதி முழுவதையும் மன்னிக்கலாம்.

நான்காம் பயணத்தில்தான் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. குதிரைகள் ஆளும் நாடு. ஹுயின்ம்கள் என்று பெயர். பொய் அவர்களுக்குத் தெரியாது, 'இல்லாததைச் சொல்வது' என்று சுற்றிவளைத்துத்தான் அவர்களால் அதைக் குறிக்க முடியும். போர், வழக்கு, பேராசை எதுவும் இல்லை. அதே நாட்டில் மனித உருவத்தில் யாஹூக்கள் என்ற விலங்குகள் இருக்கின்றன. அழுக்கும் மூர்க்கமுமாக, மின்னும் கற்களுக்காக ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன. தானும் யாஹூதான் என்பதைக் கலிவர் கொஞ்சம் கொஞ்சமாக ஒத்துக்கொள்கிறார். 'மக்களே போல்வர் கயவர்' என்ற குறளை இந்தப் பகுதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார் சேர். உருவத்தால் வேறுபாடு தெரியாது என்பதுதான் இரண்டு பேருடைய பயமும்.

என் பக்கத்து வாங்கில் இருந்த நண்பன் குதிரைகளின் கட்சி. அறிவு ஒன்றாலேயே நடக்கும் சமூகத்தை ஸ்விஃப்ட் காட்டுகிறார், நாங்கள் அப்படி இல்லையே என்று கோபப்படுகிறார், அவ்வளவுதான் என்று வாதாடினான். சேர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கலிவர் அந்த நாட்டிலிருந்து வெளியேறும் பக்கத்தை எடுத்து எங்களில் ஒருவரை உரத்து வாசிக்கச் சொன்னார்.

குதிரைகளின் பேரவை கலிவரை வெளியேற்றச் சொல்கிறது. கலிவர் ஒரு படகு கட்டுகிறார். மரச்சட்டத்தின் மேல் யாஹூத் தோல்களைச் சேர்த்துத் தைத்து மூடுகிறார். பாயும் யாஹூத் தோல்தான். அதற்குக் கிடைத்தவற்றில் மிக இளையவற்றின் தோலைப் பயன்படுத்தினேன், முதியவற்றின் தோல் தடிப்பும் முரடுமானது என்கிறார். நீர் புகாதபடி ஓட்டைகளை அடைக்க யாஹூக் கொழுப்பு. எத்தனை கிழமை எடுத்தது, யார் உதவி செய்தது என்பதையெல்லாம் சொல்லும் அதே தச்சுவேலைக் குரலில் இதையும் சொல்லிவிட்டுப் போகிறார். தானும் யாஹூ என்று ஒத்துக்கொண்ட மனிதர், யாஹூக் குட்டிகளின் தோலில் பாய் கட்டிப் புறப்படுகிறார். ஒரு குதிரைக்கும் அது உறுத்தவில்லை. அவற்றின் பேரவையில் தலைமுறை தலைமுறையாக விவாதிக்கப்பட்ட ஒரே பொருளே, யாஹூக்களைப் பூமியிலிருந்து அடியோடு அழிப்பதா இல்லையா என்பதுதான்.

வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. சேர் மேசையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். 1729இல் ஸ்விஃப்ட் எழுதிய 'அடக்கமான முன்மொழிவு'. அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளைப் பற்றி ஒரு கணக்காளர் பேசுகிறார். ஆண்டுதோறும் வறியவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் 120,000. அதில் 20,000 பேரை இனப்பெருக்கத்துக்கு ஒதுக்கலாம். மிச்சம் 100,000 பேரை ஒரு வயதானதும் செல்வந்தரின் சாப்பாட்டு மேசைக்கு விற்கலாம். தோலை உரித்துப் பதப்படுத்தினால் சீமாட்டிகளுக்கு அழகான கையுறை செய்யலாம். கூட்டலிலும் கழித்தலிலும் ஒரு பிழை இல்லை, குரலில் துளி ஆத்திரம் இல்லை. படகுக்கும் கையுறைக்கும் இடையில் மூன்றே வருடம். ஒரே தோல், ஒரே குரல்.

அந்த மனிதர் வேறு வழிகளைப் பற்றி என்னிடம் பேசவேண்டாம் என்று ஒரு பட்டியலைத் தள்ளிவிடும் இடமும் உண்டு. வெளிநாட்டில் இருந்துகொண்டு குத்தகை வாங்கும் நிலவுடைமையாளருக்கு வரி, உள்நாட்டில் செய்த பொருட்களை மட்டும் வாங்குதல், குத்தகைக்காரர்மேல் கொஞ்சமாவது இரக்கம். இவைதான் ஸ்விஃப்ட் உண்மையிலேயே வேண்டியவை. அயர்லாந்துப் பொருட்களையே வாங்குங்கள் என்று 1720இல் அவர் நேரடியாகவே ஒரு பிரசுரம் எழுதியிருந்தார். அதை அச்சிட்டவர்மேல் வழக்குப் போட்டார்கள். குற்றவாளி இல்லை என்ற ஜூரிகளை நீதிபதி ஒன்பது தடவை திருப்பியனுப்பினார். செம்பொருள் எடுபடாத இடத்தில் அவர் பழிகரப்புக்கு வந்தார் என்று சேர் விளக்கியபோது, முதல் நாள் தொல்காப்பியம் எதற்கு என்பது எங்களுக்குப் புரிந்தது.

கலிவரைத் தன் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றுபவர் பெத்ரோ தெ மெண்டெஸ் என்ற போர்த்துக்கீசக் கப்பல் தலைவர். பிராணியின் தோலை உடுத்திக்கொண்டு, குதிரைபோலக் கனைத்துப் பேசும் ஓர் அந்நியனை அவர் தன் அறையில் வைத்துப் பராமரிக்கிறார், தன் நல்ல உடுப்பைத் தர முன்வருகிறார், லிஸ்பனில் தன் வீட்டிலேயே தங்கவைக்கிறார், மனைவி பிள்ளைகளிடம் திரும்பிப் போகும்படி மனம் மாற்றுகிறார். கைம்மாறு எதுவும் கேட்கவில்லை. கலிவரோ அவரைக் கொஞ்சம் அறிவுள்ள ஒரு விலங்காக நடத்த 'இறங்கி வந்ததாக'ச் சொல்லிக்கொள்கிறார். வீட்டுக்கு வந்தும் மனைவி முத்தமிட்டதில் மயங்கி விழுகிறார். மூக்கில் மூலிகையை அடைத்துக்கொண்டு, இரண்டு குதிரைகளை வாங்கி நாளுக்கு நாலு மணித்தியாலம் அவற்றோடு உரையாடுகிறார். கடைசிப் பக்கத்தில், கர்வம் பிடித்த எவரும் என் கண்முன் வரவேண்டாம் என்று முடிக்கிறார். இதைச் சொல்லும் மனிதரைவிடக் கர்வம் மிகுந்தவர் அந்த நூலிலேயே இல்லை.

இந்தக் கப்பல் தலைவருக்கு மூலநூலில் சில பக்கங்களே உண்டு. ஆனால் அவர் இல்லாவிட்டால் நான்காம் பயணம் வெறும் மனித வெறுப்பு. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1851இல் ஆற்றிய சொற்பொழிவில், அந்தப் பகுதியை வாசியாதவர்கள் வாசிக்கவேண்டாம் என்றே சொன்னார். அவர் பெத்ரோவைக் கண்டுகொள்ளவில்லை என்பது என் எண்ணம். 'அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர் மக்கட்பண் பில்லா தவர்' என்ற குறளைச் சேர் கடைசிப் பாடவேளைக்கு வைத்திருந்தார். குதிரைகள் அரம்போலக் கூர்மையானவை. பெத்ரோவிடம் இருந்தது மற்றது. மனிதன் பகுத்தறிவுள்ள விலங்கு அல்ல, பகுத்தறியக் கூடிய விலங்கு, அவ்வளவுதான் என்று 1725இல் ஸ்விஃப்ட் தன் நண்பரான கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கு எழுதினார். மனித இனம் என்ற மொத்தத்தை வெறுக்கிறேன், ஜோன், பீட்டர், தோமஸ் என்ற தனி ஆட்களை மனமார நேசிக்கிறேன் என்பதும் அதே கடிதத்தில்தான் வருகிறது. தன் சொத்தில் பெரும்பங்கை மனநோயாளருக்கு ஒரு மருத்துவமனை கட்ட எழுதிவைத்துவிட்டு 1745இல் அவர் இறந்தார். அது இன்றும் டப்ளினில் இயங்குகிறது.

ஆய்வாளர்களும் எங்கள் வகுப்பைப்போலவே குதிரைகளை இலட்சியம் என்போராகவும் அவையும் அங்கதத்தின் இலக்கே என்போராகவும் பிரிந்துதான் நிற்கிறார்கள். நான் பெத்ரோவின் கட்சி. என் பழைய வாங்குத் தோழன் வேறொரு கண்டத்தில் இருந்துகொண்டு இன்னமும் குதிரைகளுக்காக வாதாடுகிறான். படகைப் பற்றிக் கேட்டால், யாஹூக்களை மனிதராக நினைத்து வாசிப்பது உன் பிழை, குதிரைகளுக்கு அவை மாடுபோல என்கிறான். நாங்கள் மாட்டுத்தோலில் செருப்புப் போடவில்லையா என்கிறான். வலுவான கேள்வி. அதற்கு என் பதில், கலிவர் தன்னை யாஹூ என்று ஒத்துக்கொண்ட பிறகே அந்தத் தோலை வெட்டினார் என்பது. இந்த மலர் அவன் கைக்கும் போகும். அடுத்த மலரில் அவன் தன் பக்கத்தை எழுதட்டும். படகு வரும் அத்தியாயத்தை அதற்கு முன் முழுதாக ஒருமுறை வாசித்துவிட்டு எழுதட்டும்.