தி வாக்கிங் டெட்: அந்தப் பெக்கான் தோப்பு எபிசோட்

'தி வாக்கிங் டெட்', செத்தவர்கள் எழுந்து நடமாடும் உலகத்தில் தப்பிப் பிழைக்கிறவர்களின் கதையைச் சொல்லும் அமெரிக்கத் தொடர். அதில் நான்காவது சீசன், 14ஆம் எபிசோட், 'தி க்ரோவ்'. 2014 மார்ச்சில் வந்தது. இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கதையைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது.

கேரல், டைரீஸ், லிஸ்ஸி, அவள் தங்கை மீகா, கைக்குழந்தை ஜூடித். பெக்கான் கொட்டை மரத் தோப்புக்கு நடுவே இவர்களுக்கு ஒரு வீடு கிடைக்கிறது. இங்கேயே தங்கிவிடட்டுமே என்று நமக்கும் தோன்றுகிறது. ஆனால் லிஸ்ஸிக்கு அந்த நடமாடும் பிணங்கள் எதிரிகளே இல்லை. செத்தாலும் வேறு மாதிரி வாழலாம் என்று மனதார நம்புகிறாள். அதைக் காட்டுவதற்காகத் தங்கையைக் கத்தியால் கொன்றுவிட்டு, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் திரும்ப எழுந்துவிடுவாள் என்று நம் பயத்தைப் போக்கவும் பார்க்கிறாள். லிஸ்ஸியாக நடித்த பிரைட்டன் ஷார்பினோ அந்த இடத்தில் சிரித்த முகமாக நிற்பது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அதற்கு முன்பே லிஸ்ஸி ஒரு பிணத்தோடு ஓடிப்பிடித்து விளையாடியதைக் கேரல் பார்த்திருக்கிறாள். அப்புறமும் பிள்ளைகளைத் தனியே விட்டுப் போனது எனக்கு உறுத்தல்தான். நடுவில் லிஸ்ஸி துப்பாக்கி எடுத்துப் பிணங்களைச் சுட்டதால் திருந்திவிட்டாள் என்று நினைத்திருக்கலாம்.

லிஸ்ஸியைப் பூக்களைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கேரல் அவளைச் சுட்டுக் கொல்வதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரியது அடுத்த காட்சி. டைரீஸின் காதலி கேரனைக் கொன்றது தான்தான் என்று சொல்லி, துப்பாக்கியை மேஜையில் அவன் பக்கம் தள்ளுகிறாள். அவன் மன்னிக்கிறான், ஆனால் மறக்க மாட்டேன் என்கிறான். கேரலாக மெலிசா மெக்பிரைடும் டைரீஸாகச் சாட் கோல்மனும் குரலே உயர்த்தாமல் நடித்த அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்தத் தொடரைப் பார்க்கலாம்.