புள்ளி நாயும் மூத்திரக் கல்லும்

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். ராக்கி, சுத்த ஜாதி என்ற பேப்பரோடு வந்த டால்மேஷன், வெள்ளை உடம்பில் புள்ளி போட்ட இனம். செவலை, எங்கள் தெருவில் பிறந்தவள். பல தலைமுறையாகக் கலந்து வந்த நாட்டு நாய். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வாங்கிவரும் ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) செவலைக்கு மட்டும்தான். ராக்கிக்கு அவித்த முட்டையும் தண்ணீர் ஊற்றிப் பிசைந்த சோறும். "காசு கொடுத்து வாங்கின நாய்க்கு முட்டை, தெரு நாய்க்கு ஈரலா?" என்று வீட்டுக்கு வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு ஒரு தடவை முழுசாகப் பதில் எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

ஒரு நாள் ராக்கி காலைத் தூக்கியபடி நின்றுகொண்டே இருந்தான். மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, அதிலும் ரத்தக் கலர். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்த பிறகுதான் மூத்திரப் பை நிறையக் கல் என்று தெரிந்தது. யூரிக் அமிலத்தால் உண்டாகிற இந்த யூரேட் கல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் சிக்காதாம். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார். கடுகு அளவிலிருந்து மிளகு அளவு வரை, பச்சை கலந்த மஞ்சளில், வழுவழுவென்று உருண்டையாக இருந்தன.

மூல காரணம் ராக்கியின் சாப்பாட்டில் இல்லை, அவன் பிறப்பில் இருக்கிறது. ஈரல், மண்ணீரல் போன்றவற்றில் பியூரின் என்ற பொருள் அதிகம். அது உடம்பில் யூரிக் அமிலமாகும். மற்ற பெரும்பாலான நாய்களின் கல்லீரல் அதை அலன்டாயின் என்ற பொருளாக மாற்றிவிடும். அது தண்ணீரில் நன்றாகக் கரைந்து சிறுநீரில் போய்விடும். டால்மேஷனின் கல்லீரலிலும் அதற்கான நொதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் யூரிக் அமிலத்தைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற புரதம் பழுது. வடிகட்டிய யூரிக் அமிலத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் வேலையும் சிறுநீரகத்தில் சரியாக நடப்பதில்லை. அதனால் அது அப்படியே சிறுநீரில் இறங்கிக் கல்லாகிறது. ஆண் நாய்க்குக் குழாய் குறுகல், அடைத்துக்கொள்ளும். எஸ்எல்சி2ஏ9 என்ற மரபணுவில்தான் இந்தக் கோளாறு என்று 2008-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டானிகா பன்னாஷ் குழுவினர் கண்டுபிடித்தார்கள்.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் இது வெளிப்படும். ஒன்று நல்லதாக இருந்தால் போதும், நாய் தப்பிவிடும். சுத்த டால்மேஷன் என்று சொல்லப்பட்ட நாய்கள் அத்தனையிலும் இரண்டுமே கெட்டிருந்தன. புள்ளி பளிச்சென்று விழவேண்டும் என்று தேர்ந்தெடுத்து வளர்த்தபோது இதுவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. எந்த டால்மேஷனை எந்த டால்மேஷனோடு சேர்த்தாலும் தப்பிக்க வழியே இல்லாமல் போனது.

ஜாதி நாய்க்கும் கலப்பு நாய்க்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று எனக்குப் புரிந்தது. கலப்பு நாயிடம் கெட்ட மரபணு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2018-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களைச் சோதித்தார்கள். ஐந்தில் இரண்டு நாய்களிடம் ஏதாவது ஒரு நோய் மரபணு இருந்தது. அதை ஒற்றைப் பிரதியாகச் சுமப்பது கலப்பு நாய்களில்தான் அதிகம். இரண்டு பிரதியும் சேர்ந்து மாட்டிக்கொள்வது ஜாதி நாய்களில் அதிகம். 227 இனங்களை ஆராய்ந்த இன்னொரு ஆய்வில் (2021) உள்ளினச்சேர்க்கை (நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்வது) சராசரியாக 25 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தது. கூடப் பிறந்த இரண்டு நாய்களைச் சேர்த்துக் குட்டி எடுத்தால் வருகிற அளவு அது! அதற்காக எல்லா நோயையும் ஜாதி நாய் தலையில் கட்டவும் முடியாது. இடுப்பு மூட்டுக் கோளாறு இரண்டு வகைக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது என்று 2013-ல் டேவிஸ் ஆய்வு ஒன்று சொன்னது. முழங்கால் தசைநார் அறுவது கலப்பு நாய்களுக்குத்தான் அதிகம்.

போன மாதம் ஒரு தம்பி வந்தார். "அக்கா, உங்க நாய்க்கு மார்க்கிங் அருமையா இருக்கு. என் பெட்டைக்கு ஒரு மேட்டிங் குடுங்க, ஒரு குட்டி உங்களுக்கு" என்றார். கல் விஷயத்தைச் சொன்னேன். "வேற ரத்தம் சேர்த்தா புள்ளி கெட்டுடுமே அக்கா" என்றார்.

கெடாது. 1973-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியல் அறிஞர் ஒரு டால்மேஷனை ஒரே ஒரு தடவை பாயிண்டர் என்ற வேட்டை நாயோடு சேர்த்தார். அந்தக் குட்டிகளைத் திரும்பத் திரும்ப டால்மேஷனோடுதான் சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல பிரதி உள்ள குட்டிகளை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை பாயிண்டர் ரத்தம் பாதிப்பாதியாகக் குறையும். பத்துத் தலைமுறைக்கு மேல் தாண்டினால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பார்த்தால் டால்மேஷன், புள்ளியும் டால்மேஷன் புள்ளி, ஆனால் கல் இல்லை. இருந்தும் ஜாதி நாய்களைப் பதிவு செய்கிற அமெரிக்கக் கென்னல் கிளப் பதிவேட்டில் அந்த வம்சம் நிலையாக இடம்பிடிக்க 2011 வரை ஆனது. 38 வருடம்! அத்தனை நாளும் எத்தனை நாய்கள் வலியோடு காலைத் தூக்கி நின்றிருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நம் ராஜபாளையத்தை வைத்திருப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். அந்த வெள்ளைத் தோலோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்கு வருகிறது. நிறமி செல்கள் உள்காதுக்கும் தேவை. அங்கே அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் செத்துவிடும். டால்மேஷனுக்கும் இதே சிக்கல் உண்டு. காது கேட்காத நாயைக் குட்டி எடுக்க விடாமல் இருந்தாலே இது குறையும்.

ராக்கி இப்போது அல்லோபூரினால் சாப்பிடுகிறான், கவுட் (யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டு வலி) வந்த மனிதர்களுக்குக் கொடுக்கிற அதே மாத்திரை. அந்த மாத்திரையோடு ஈரலும் போனால் சாந்தீன் என்ற வேறு வகைக் கல் வரலாம். அதனால்தான் முட்டை.

அந்தத் தம்பியிடம், நல்ல பிரதி ஒன்றாவது உள்ள ஆண் நாயாகப் பாருங்கள், உங்கள் பெட்டையோடு சேர்த்தால் ஏறக்குறைய பாதிக் குட்டிகளாவது தப்பும் என்றேன். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தேய்த்து அனுப்பினாலே சோதித்துச் சொல்லிவிடுவார்கள் என்றும் சொன்னேன். ராக்கியை மேட்டிங்குக்குத் தரவில்லை.