காட்ஸில்லா, 1954: சில நாட்குறிப்புகள்

நவம்பர் 3
1954-இல் இதே தேதியில்தான் ‘காட்ஸில்லா’ படம் ஜப்பானில் வெளியானது. ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கடலிலிருந்து கிளம்பி வரும் ராட்சச விலங்கின் கதை. இன்று இரவு பார்த்தேன். இஷிரோ ஹோண்டா இயக்கம், தோஹோ தயாரிப்பு, கறுப்பு வெள்ளை. ஆரம்பத்திலேயே கடலில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். கப்பல் தீப்பிடித்து மூழ்குகிறது. அன்றைய ஜப்பானியருக்கு இது வெறும் கற்பனை இல்லை. அந்த வருடம் மார்ச் 1-ஆம் தேதி பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு என்ற மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். வானொலிப் பணியாளர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23-இல் இறந்தார். ஆறு வாரத்தில் இந்தப் படம்.

நவம்பர் 4
ரயில் காட்சி மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஒரு பெண் சலித்துக்கொள்கிறாள்: கதிர்வீச்சு பட்ட சூரை மீன், கதிர்வீச்சு மழை, இப்போது இந்தக் காட்ஸில்லா வேறா, நாகசாகியில் உயிர் தப்பியவள் நான் என்று. விலைவாசியைப் பற்றிப் பேசுகிற அதே குரல்!

நகரம் எரியும்போது ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரமே அப்பாவிடம் போய்விடலாம் என்கிறாள். அப்பா எங்கே போனார் என்று படம் விளக்கவில்லை. 1945 மார்ச்சில் அமெரிக்கக் குண்டுவீச்சில் டோக்கியோ எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் எதற்கு?

நவம்பர் 6
காட்ஸில்லாவின் உறுமலை ஹெட்ஃபோனில் திரும்பக் கேட்டேன். பிசின் தடவிய தோல் கையுறையால் கான்ட்ராபாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் கம்பிகளை உரசி உண்டாக்கியது. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனை.

நவம்பர் 9
காட்ஸில்லா வெறும் ரப்பர் உடை போட்ட மனிதன் என்று சிரிப்பவர்கள் மருத்துவமனைக் காட்சியைப் பார்க்க வேண்டும். தரையெல்லாம் காயம்பட்டவர்கள். ஒரு குழந்தையிடம் கதிர்வீச்சை அளக்கும் கீகர் கருவியை நீட்டுகிறார்கள், அது படபடக்கிறது, மருத்துவர் தலையை ஆட்டுகிறார். ராட்சசன் போனதும் படம் அடுத்த சண்டைக்கு ஓடாமல் இவர்களிடம் நிற்கிறதே, அதனால்தான் இதைப் பெரிய படம் என்கிறேன். ஹோண்டா போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்டவர்.

அப்புறம் படத்தில் வரும் விஞ்ஞானி செரிசாவா. தான் கண்டுபிடித்த ஆயுதம் இன்னொரு அணுகுண்டாகிவிடும் என்று பயந்து, குறிப்புகளை எரித்துவிட்டு, காட்ஸில்லாவோடு கடலடியில் தானும் சாகிறான்.

நவம்பர் 10
1956-இல் அமெரிக்காவில் வெட்டி ஒட்டி வெளியிட்ட பதிப்பையும் பார்த்தேன். நாகசாகிப் பேச்சு இல்லை. அணுகுண்டுச் சோதனை தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா வரலாம் என்று படத்தின் இன்னொரு விஞ்ஞானி டாக்டர் யமானே கடைசியில் எச்சரிப்பதும் இல்லை. கோபம்தான் வந்தது. பார்ப்பவர்கள் தயவுசெய்து ஜப்பானிய மூலத்தையே தேடிப் பாருங்கள்.