பூச்சி மருந்து எங்கே வைக்கிறீர்கள்?

வளர்ப்புப் பராமரிப்புக்குப் பிள்ளை கேட்டிருந்த எங்கள் வீட்டை ஆய்வு செய்ய ஒரு அதிகாரி அம்மா வருவதற்கு முந்தைய மூன்று நாளும் நான் வீட்டைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டடை அடித்தேன், பரணில் இருந்த பித்தளையை எல்லாம் இறக்கிப் புளி போட்டு விளக்கினேன், கூடத்துச் சுவருக்கு ஒரு கை சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி அவரைப் பிடுங்கி எடுத்தேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்ற நினைப்பு எனக்கு. வந்தவர் பித்தளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு நேரே கேட்டார்: "பூச்சி மருந்து எங்கே வைக்கிறீர்கள்?"

நெல் மூட்டைக்குப் பின்னால். வேறெங்கே வைப்பார்கள்? வலங்கைமான் பக்கம் மூன்று ஏக்கரில் குறுவையும் தாளடியும் செய்கிற எங்கள் வீட்டில் அது காலங்காலமாக அங்கேதான் இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் பெண் திருச்சியில் கல்லூரிக்குப் போய்விட்டாள். வீட்டில் நான், அவர், மாமியார். வளர்ப்புப் பராமரிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று சொன்னால் தெருவில் எல்லோரும் "தத்தா?" என்றுதான் கேட்கிறார்கள். தத்து இல்லை. பெற்றவர்கள் இருந்தும் வைத்துக் காப்பாற்ற முடியாத நிலையில் உள்ள பிள்ளையை, குழந்தைகள் இல்லத்தில் விடாமல் ஒரு குடும்பத்தில் சில காலம் வளர விடுவது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுதான் உத்தரவு போட வேண்டும். குழு தடுக்காதவரை பெற்றவர்கள் வந்து பார்க்கலாம். நிலைமை சரியானால் பிள்ளை அவர்களிடமே திரும்பிப் போகலாம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்றால், கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 70க்குக் குறையக் கூடாது, 110ஐத் தாண்டவும் கூடாது. எங்களுக்கு 94. (2024இல் விதிமுறையை மாற்றியதிலிருந்து தனியாக வாழ்பவர்களும் விண்ணப்பிக்கலாம். கல்யாணம் செய்துகொள்ளாத என் சிநேகிதி ஒருத்தியை அதற்காக நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.)

பிள்ளைக்கென்று மாதம் 4,000 ரூபாய் வரும். இந்தச் செய்தி மட்டும் எப்படித்தான் ஊருக்கு முதலில் தெரிந்ததோ! "நாலாயிரத்துக்காகவா?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள். ஒரு பிள்ளையின் சாப்பாடு, துணி, நோட்டு, காய்ச்சல் எல்லாவற்றையும் நாலாயிரத்தில் முடித்து மிச்சமும் பிடிக்கத் தெரிந்தவள் அவள் என்றால், எனக்கும் கொஞ்சம் கற்றுத் தரட்டும்.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலைந்தோம், கிடைத்தது. திருமணச் சான்றிதழுக்குத்தான் திண்டாட்டம். 2001இல் ஒப்பிலியப்பன் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவே இல்லை. மாமியார் டிரங்குப் பெட்டியிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். ஓரத்தில் இன்னும் மஞ்சள் இருந்தது.

வீட்டு ஆய்வுக்கு என்னைத் தயார் செய்தது மகள்தான். தினமும் ராத்திரி போனில் அதிகாரியாக மாறிவிடுவாள். "பிள்ளை கடையில் எதையாவது எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" "ரெண்டு போடுவேன்." "அம்மா, நீ இப்பவே பெயில்." அப்புறம் அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, அறையில் போட்டுப் பூட்டக் கூடாது என்று பாடம் நடக்கும். நானும் நல்ல பதில்களாக மனப்பாடம் செய்தேன்.

வந்த அம்மா அப்படிக் கேட்கவில்லை. "உங்கள் பெண்ணைக் கடைசியாக எப்போது அடித்தீர்கள்?" என்றார். மனப்பாடம் எல்லாம் போயிற்று. ஆறாம் வகுப்பில், தோசைத் திருப்பியால், முழங்கைக்குக் கீழே என்று உண்மையைச் சொன்னேன். இன்னும் தழும்பு இருக்கிறது என்றும் சொல்லிவிட்டேன். "இப்போது அதை நினைத்தால்?" என்றார். பேச முடியவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

மாமியாரிடம் தனியாகப் பேசினார். மாமியார் என்ன சொன்னார் என்று தெரியாது, ஆனால் முதல் நாளே என்னிடம் கேட்டது தெரியும்: "என்ன சாதிப் பிள்ளைடி?" தெரியாது, தெரிந்தாலும் நமக்கு வேண்டாம் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், தான் படுக்கும் அறையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்வதாக அறிவித்தார். அதற்கு மேல் நானும் கிளறவில்லை.

கடைசியாக அந்தக் கேள்வி வந்தது. "ஒரு வருஷம் கழித்துப் பிள்ளையைப் பெற்ற அம்மா வந்து கேட்டால்?" என் வீட்டுக்காரர் உடனே "கொடுத்துவிடுவோம்" என்றார், கடன் வாங்கிய கடப்பாரையைச் சொல்வதுபோல. என் வாய் வரவில்லை. ஊரில் ஆளாளுக்கு நாற்றுப் பிடுங்கி நடுகிற உவமையைச் சொல்லி என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை. நட்ட நாற்றை யாரும் திரும்பப் பிடுங்கி நாற்றங்காலுக்குக் கொண்டுபோவதில்லை. இங்கே அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறோம்.

"கொடுத்த பிறகு போய்ப் பார்க்கலாமா?" என்றுதான் கேட்க முடிந்தது. "பெற்ற அம்மா சம்மதித்து, குழுவும் சரியென்றால்" என்றார் அதிகாரி. பிறகு குனிந்து ரொம்ப நேரம் எழுதினார். எனக்குச் சாதகமாகவா பாதகமாகவா என்று இன்றுவரை தெரியாது.

போகும்முன் வீட்டை ஒரு சுற்று வந்தார். குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாக விழுகிறதா என்று தானே இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். விழவில்லை. மூன்று பேர் இருக்கிற வீட்டில் நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. கொல்லையில் வாய்க்கால் படித்துறையில் ரொம்ப நேரம் நின்றார். இப்போது காய்ந்து கிடக்கிறது. வழக்கம்போல ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தால், கொஞ்ச நாளில் இடுப்பளவு ஓடும். "இந்தப் பக்கம் அடைப்பு வேண்டும்" என்றார்.

பூச்சி மருந்து இப்போது மோட்டார் கொட்டகையில், பூட்டுக்குள். தாழ்ப்பாள் மாற்றியாயிற்று. படல் கட்ட மூங்கில் வந்து கொல்லையில் கிடக்கிறது, ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.