தாமிரபரணியைச் சுவரில் மாட்ட: வரைபட வேலை இதுவரை

பொதிகை மலையிலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி முழுவதும், அதில் வந்து சேரும் ஆறுகளோடு, ஒரே தாளில் தமிழில் வேண்டும். ஆசை அவ்வளவுதான். மாவட்டப் படங்களை வைத்துப் பார்த்தால் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி என்று மூன்றை ஒட்ட வேண்டியிருந்தது.

வரைபடம் செய்யும் மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் வேலை. ஊரும் சாலையும் கால்வாயும், பலர் சேர்ந்து இணையத்தில் வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தந்தது (படத்தில் அதற்கான குறிப்பைப் போட்டே ஆக வேண்டும்). மலைகளுக்கு, விண்வெளியிலிருந்து ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. வரைபடக் கணக்குக்காக உலகத்தை ஆறு ஆறு பாகைப் பட்டைகளாகப் பிரிப்பது யூடிஎம் முறை. அதன் மண்டல எல்லையான 78 பாகைத் தீர்க்கக் கோடு ஏரலுக்குப் பக்கத்தில் போகிறது. கடைசிக் கொஞ்ச தூர ஆறு மட்டும் 44ஆம் மண்டலத்தில் விழுகிறது. யோசிக்காமல் மொத்தத்தையும் 43க்குள் வைத்துவிட்டேன்.

மலைகள் மேடாகத் தெரியப் போடும் நிழல்தான் படுத்தியது. வழக்கப்படி வெளிச்சம் வடமேற்கிலிருந்து வர வேண்டும். நம் பக்க மலைச்சரிவோ கிழக்கு பார்த்தது. குற்றாலமும் பாபநாசமும் இருட்டில் கிடந்தன. வெளிச்சத்தைத் தென்கிழக்குக்கு மாற்றினால் மலை பள்ளமாகவும் பள்ளம் மலையாகவும் கண்ணுக்குத் தெரிகிறது! வடக்குப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி, நிழலின் அடர்த்தியைப் பாதியாக்கிச் சமாளித்தேன்.

இதெல்லாம் இரண்டு வாரம். பெயர்கள் ஐந்து மாதம்.

தமிழ்ப் பெயர் இல்லாத ஊர்களுக்கு ஆங்கில எழுத்திலிருந்து தானாக மாற்றும் நிரல் ஒன்றை ஓட்டினேன். பத்தமடை ‘பட்டமடை’ ஆனது. முக்கூடல் ‘முக்குடல்’ ஆகி வயிற்றுக்குள் போய்விட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கையால்தான். ஆற்று வளைவோடு பெயரை வளைத்து எழுதினால், நான் வைத்திருந்த கியூஜிஐஎஸ்ஸின் பழைய பதிப்பு எழுத்துகளைப் பிய்த்துப் போட்டது. ‘கோடகன் கால்’ என்ற கால்வாய்ப் பெயரில் கோவின் கால் தனியாக நடந்துபோனது. அந்தப் பெயர்களை எல்லாம் இங்க்ஸ்கேப் என்ற ஓவிய மென்பொருளில் திரும்ப எழுதினேன்.

அணைக்கட்டுகள் எட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அச்சிட்ட மாதிரியைக் கல்லிடைக்குறிச்சி மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டியவர் நேரே மேற்கே விரலை வைத்தார். “ஏ மருமவனே, நதியுண்ணியையும் கன்னடியனையும் இடம் மாத்தி வச்சிருக்கியே, வே!” உண்மைதான். பெயர்கள் மோதியபோது இழுத்து நகர்த்தியது நான்தான்.

அளவு 1:1,00,000. ஒரு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். ஏ0 தாளில் அழகாக உட்கார்ந்தது. சிவகாசிக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது, அந்த அச்சகத்து ஆஃப்செட் இயந்திரம் எடுப்பது அதிகபட்சம் 30×40 அங்குலத் தாள். முதலிலேயே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பெரிய தாள் அச்சுப்பொறியான பிளாட்டரில் ஏ0 அடிக்கலாம், ஆனால் ஒரு பிரதியின் செலவு கையைக் கடிக்கிறது. 1:1,25,000க்கு இறங்கினேன். படத்தைச் சுருக்குவது ஒரு நிமிடம். எழுத்தைச் சுருக்க முடியாதே, படிக்க வேண்டுமே. சிறிய குளங்களில் பாதிக்கு மேல் பெயர் இழந்தன. இன்னும் மனசு ஆறவில்லை.

அச்சகத்து அண்ணாச்சி ஒரு நல்ல காரியம் சொன்னார்: “சின்ன எழுத்தை ஒரே மையில வைங்க. ரெண்டு மை சேர்ந்தா, அச்சுத் தட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் சுழி எல்லாம் அடைச்சிரும்.” அதனால் ஊர்ப் பெயர் தனிக் கறுப்பு, நீர்ப் பெயர் தனி சயான் (அச்சு நீல மை). சயான் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறது, ஆனால் ‘ணி’யின் சுழி தெரிகிறது.

இரண்டாவது புரூஃப் நேற்று வந்தது. வயல் பச்சை திரையில் பார்த்ததைவிட மங்கல், பரவாயில்லை, விட்டுவிட்டேன். சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலக்கும் இடத்தில் மட்டும் நான்கு பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அதைப் பிரித்து வைத்துவிட்டு, மாமாவிடம் இன்னொரு தடவை காட்டிவிட்டு, 500 பிரதிக்குத் தட்டுப் போடச் சொல்ல வேண்டும்.