கேள்வியின் கடைசிச் சொல்: தமிழ்வழியில் நீட் எழுதுபவர்களுக்கு

2025 ஜூன் 14 அன்று நீட் முடிவு வந்தது. 720க்கு 437. போன வருடம் 325. அன்றைக்கு இரவு யாரோடும் பேசாமல் படுத்துவிட்டேன். இந்தத் தடவை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். ஒரு வருடமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருக்கிறது. அந்தச் சூட்டோடு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அரசுப் பள்ளி, ஆறிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்வழி, இரண்டாவது முயற்சி. என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இது. மற்றவர்களுக்கு வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் அந்த 325ஐப் பற்றிச் சொல்கிறேன். 2024இல் குறிக்க வேண்டிய 180 கேள்விக்கும் பதில் குறித்தேன். 101 சரி, 79 தவறு. விடைக்குறிப்பு வந்தும் இரண்டு வாரம் கேள்வித்தாளைத் தொட மனம் வரவில்லை. எங்கள் தெருவில் நர்சிங் படிக்கிற ஒரு அக்காதான் ஒருநாள் சாயங்காலம் அதை எடுத்து வரச் சொன்னார். உயிரியலில் ஒரு கேள்வியில் விரலை வைத்தார்.

"இந்த நாலாவது வாக்கியம் சரியா, தப்பா?"

"சரிதான்க்கா."

"அப்போ கேள்வி என்ன கேக்குதுன்னு படி."

படித்தேன். தவறான கூற்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தது. நான் சரியான கூற்றைத் தேடிக் குறித்திருந்தேன். பாடம் முழுக்க எனக்குத் தெரியும். அக்கா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கேயும் ஒன்று.

அன்று இரவு 79ஐயும் பிரித்து எழுதினேன்:

பாடமே தெரியாதது: 31
குருட்டாம்போக்கில் குறித்தது: 22
தமிழ்க் கலைச்சொல்லை வேறொன்றாகப் புரிந்துகொண்டது: 17
'தவறானது', 'அல்லாதது' என்பதைக் கவனிக்காமல் விட்டது: 9

கடைசி இரண்டும் சேர்ந்தால் 26. சரியான விடைக்கு 4 கூடும், தவறுக்கு 1 கழியும்; ஒரு தவறு சரியாக மாறினால் 5 மதிப்பெண் வித்தியாசம். 130 மதிப்பெண்ணை நான் படிக்காததால் இழக்கவில்லை, கேள்வியைச் சரியாக வாசிக்காததால் இழந்தேன். அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அதன் பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. தமிழில் 'இல்லை', 'அல்ல' என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். 'பின்வருவனவற்றுள் எது' என்று ஆரம்பித்து, இரண்டு வரி ஓடி, முடிவில் 'பொருந்தாதது' என்று நிற்கும். அவசரத்தில் படிக்கிறவன் அங்கே போய்ச் சேருவதற்குள் கண் விடைகளுக்குத் தாவிவிடும். ஆங்கிலத்தில் அந்த மறுப்புச் சொல் நடுவிலேயே வந்துவிடுகிறது.

அதனால் இந்த ஒரு வருடம் நான் பழகியது இதுதான்: எந்தக் கேள்வியாக இருந்தாலும் முதலில் கடைசிச் சொல்லைப் பார்ப்பது, அதன் கீழே ஒரு கோடு போடுவது, அப்புறம் முதலிலிருந்து படிப்பது. 180 கோடு போட நான்கைந்து நிமிடம் ஆகும். ஆகட்டும். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இரண்டாவது, கலைச்சொல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் வேதியியல் புத்தகத்தில் 'வெப்பம் மாறா' என்று ஒரு செயல்முறை, 'வெப்பநிலை மாறா' என்று இன்னொன்று. இடையில் 'நிலை' மட்டும்தான் வித்தியாசம். முன்னது அடியபாட்டிக், பின்னது ஐசோதெர்மல். ஒரு பயிற்சித் தேர்வில் முன்னதைப் பின்னதாக வாசித்துவிட்டு, அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் மாறிலி என்று போட்டேன். பருமனுக்குக் காமா அடுக்கு வர வேண்டிய இடம் அது. நான் போட்ட தப்பான விடையும் நான்கு விடைகளில் ஒன்றாக இருந்தது. எப்போதும் இருக்கும். அந்த இரண்டு ஆங்கிலச் சொல்லையும் தூக்கத்தில் கேட்டாலும் யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

இப்படி இன்னும் நிறைய. செறிவு என்றால் வேதியியலில் கான்சன்ட்ரேஷன், ஒளியியலில் இன்டென்சிட்டி. வால்யூம் இயற்பியல் புத்தகத்தில் பருமன், வேதியியலில் கனஅளவு. ரெசொனன்ஸ் இங்கே ஒத்ததிர்வு, அங்கே உடனிசைவு. மின்தடை வேறு, மின்தடை எண் வேறு. மாறி, மாறிலி இரண்டுக்கும் நடுவில் ஒரே எழுத்து.

தமிழ் தெளிவாக இருக்கும் இடங்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். பூவில் இருப்பதும் ஓவரி, பெண் உடலில் இருப்பதும் ஓவரி. நமக்கு சூலகப்பை தனி, அண்டகம் தனி. ஆங்கிலவழியில் படித்த தோழி ஓவம், ஓவ்யூல், ஓவரி என்று தடுமாறும்போது எனக்கு அந்தக் குழப்பமே வந்ததில்லை. தமிழில் படித்ததால் பாடம் ஆழமாகப் போயிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இடறியதெல்லாம் தேர்வுத் தாளில் வேறு யாரோ மொழிபெயர்த்த தமிழைப் பார்க்கும்போதுதான். அந்தத் தமிழும் நம் புத்தகத் தமிழும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை.

இது என் கற்பனைக் குறை இல்லை. 2018 நீட் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. ஒரு கேள்விக்கு 4 வீதம் 196 கருணை மதிப்பெண் தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. மொழிபெயர்ப்பில் முரண் வந்தால் ஆங்கில வடிவம்தான் முடிவானது என்பது தேர்வு விதி. ஆகவே தமிழைத் தேர்ந்தெடுத்தாலும் உங்கள் தாளில் இருக்கும் ஆங்கில வரிதான் சட்டப்படி உங்கள் கேள்வி. நியாயமா என்றால் இல்லை. ஆனால் தாள் கையில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் அதற்காகச் சண்டை போட முடியாது.

நான் போன ஒரு பயிற்சி மையத்தில், ஆங்கிலத்துக்கு மாறிவிடு, தமிழில் எழுதினால் தேற மாட்டாய் என்றார்கள். மாறியிருந்தால் ஒரு வருடம் மொழிக்கே போயிருக்கும். நான் மாறவில்லை. அதற்குப் பதில் ஒரு நோட்டுப் போட்டேன்.

நோட்டு எப்படி:

பக்கத்தை மூன்றாகப் பிரித்தேன். நம் புத்தகத்தின் சொல், என்.சி.இ.ஆர்.டி. என்கிற மத்திய அரசுப் பாடநூலின் ஆங்கிலச் சொல், பழைய நீட் தாள்களில் அதற்குப் போட்டிருந்த தமிழ்ச் சொல்.
பாடவாரியாகத்தான் எழுதினேன், அகரவரிசையில் அல்ல. பாடத்தோடு சேர்ந்தால்தான் நினைவில் நிற்கிறது.
ஒரு நாளைக்கு 15 சொல். அதற்கு மேல் வேண்டாம்.
ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டி எழுதத் தெரிய வேண்டியதில்லை. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தால் போதும்.
உயிரியல் அறிவியல் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்திலேயே பழகுங்கள். தமிழ் எழுத்தில் ஒரு பெயரை நான்கு விதமாக எழுதுகிறார்கள்.

என்.சி.இ.ஆர்.டி. உயிரியலை ஆங்கிலத்தில் வரி வரியாகப் படிக்க எனக்கு முதல் பாடத்துக்கு ஒன்பது நாள் ஆனது. ஐந்தாவது பாடத்துக்கு மூன்று நாள். அதற்கப்புறம் பயம் போய்விட்டது. கேள்விகள் அந்தப் புத்தகத்தின் வரிகளிலிருந்து வருவதால் இந்த உழைப்பு எதுவும் வீணாகாது. முதலில் நம் புத்தகத்தில் பாடத்தைப் புரிந்துகொண்டு, பிறகு அதைத் திறவுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டும் ஏறாது.

பயிற்சித் தேர்வு பற்றி. எல்லோரும் தினம் ஒன்று எழுதச் சொல்கிறார்கள். நான் வாரம் ஒன்றுதான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணி முதல் 5 மணி வரை, நிஜத் தேர்வு நேரத்தில். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்த ஒரு தாளைப் பிரித்துப் பார்ப்பேன். என் சுபாவம் அப்படி, மெதுவாகத்தான் எனக்கு எதுவும் ஏறும். வேகமாகப் படிக்கிறவர்கள் கூடுதலாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பிரித்துப் பார்க்காத தேர்வு எழுதாத தேர்வுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

2025 தாள் பற்றி எழுதியவர்களுக்குத் தெரியும். 200 கேள்வியில் 180ஐத் தேர்ந்தெடுக்கும் விருப்பத் தெரிவும் கூடுதல் 20 நிமிடமும் போய், பழையபடி 180 கேள்வி, 180 நிமிடம். இயற்பியல் உலுக்கி எடுத்துவிட்டது. எனக்கு அதில் 12தான் சரி, 14 தவறு, 19 விட்டுவிட்டேன். மொத்தம் 34 மதிப்பெண். உயிரியலில் 80 சரி, 8 தவறு, 2 விட்டது. வேதியியலில் 26 சரி, 13 தவறு, 6 விட்டது. என்னைக் காப்பாற்றியது உயிரியலின் 312.

அன்று நான் செய்தவை:

உயிரியல் 50 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 55. மீதி 25 நிமிடம் கோடு போட்ட சொற்களை மறுபடி பார்க்க. வட்டம் நிரப்பாமல் வைத்திருந்தவற்றில் ஏழைத் தப்பாகக் குறிக்கும் முன்பே இந்த 25இல் பிடித்தேன்.
விடைத்தாளில் பக்கத்துக்குப் பக்கம் வட்டத்தை நிரப்பினேன். மொத்தத்தையும் கடைசிக்கு வைக்கவில்லை.
கூற்று, காரணம் வகைக் கேள்விகளைத் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. விதிவிலக்கே கிடையாது.
இரண்டு விடையை நீக்க முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தேன். கணக்குப்படி சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம்.
ஒன்றைக்கூட நீக்க முடியாவிட்டால் விட்டேன். கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியில் கால் மதிப்பெண் வரும் என்பது உண்மைதான். அந்தக் கால் மதிப்பெண்ணுக்கு எனக்குப் பதற்றம் கூடுகிறது, அதனால் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன்.

மதிப்பெண்ணை வைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2024இல் முதலில் வந்த முடிவில் 67 பேர் 720க்கு 720. 2025இல் நாட்டிலேயே அதிகம் 686. பொதுப்பிரிவில் தகுதி பெறவே 2024இல் 162 தேவைப்பட்டது, 2025இல் 144. போன வருட மதிப்பெண்ணை இந்த வருடத்தோடு ஒப்பிட்டுப் புலம்பும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். தரவரிசைதான் கணக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு அதிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் பட்டியல்.

சரி, இந்தத் தேர்வு அவ்வளவு முக்கியமா? எம்.பி.பி.எஸ். வேண்டும் என்றால் முக்கியம்தான், வேறு கதவே இல்லை. பன்னிரண்டு வருடம் படித்தது தகுதிக்கு மட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமையின் மூன்று மணி நேரம் எல்லாவற்றுக்கும். இதை நான் இன்றைக்கும் ஏற்கவில்லை. நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழக அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். நீட்டுக்கு முன்பு எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 14 சதவீதமாக இருந்த தமிழ்வழி மாணவர்கள், நீட் வந்த பிறகு 4 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டார்கள். நாம் திடீரென்று மக்காகிவிட்டோமா என்ன? விலக்குக் கேட்டுச் சட்டமன்றம் அனுப்பிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை என்ற செய்தி தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரலில் வந்தது. அன்றைக்குப் படிக்க முடியவில்லை. மறுநாள் உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் ஒரு நாளுக்கு மேல் அதற்குக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் மற்ற பல படிப்புகளுக்கு நீட் தேவையே இல்லை, இதை யாரும் எங்களுக்குப் பத்தாம் வகுப்பிலேயே சொல்லவில்லை. இன்ஜினியரிங் கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண்ணில் நடக்கிறது. வேளாண்மையும் அப்படித்தான், பி.எஸ்சி. நர்சிங்கும் அப்படித்தான், கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்களும் அப்படித்தான். என்னோடு படித்த ஒருத்திக்கு பிளஸ் டூவில் என்னைவிட நான்கு மதிப்பெண்தான் கூட. நீட் பக்கமே வராமல் கால்நடை மருத்துவத்தில் சேர்ந்து, ஒரு வருடம் முடித்துவிட்டாள். பல் மருத்துவத்துக்கும், சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதிக்கும் நீட் வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீட்டுக்காகப் பிளஸ் டூ பாடத்தைக் கைவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

இன்னொரு வருடம் வீட்டில் உட்காரலாமா என்று கேட்பவர்களுக்கு: உங்கள் தவறுகளை நான் செய்தது போல நான்காகப் பிரியுங்கள். பெரும்பகுதி வாசிப்புப் பிழை என்றால் உட்காருங்கள், ஒரு வருடத்தில் சரியாகும். பெரும்பகுதி பாடமே தெரியாதது என்றால் ஒரு வருடம் போதுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். மூன்றாவது முறை எழுத மாட்டேன் என்று நான் அம்மாவிடம் போன ஜூலையிலேயே சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

எம்.பி.பி.எஸ். விண்ணப்பத்தோடு நர்சிங்குக்கும் கால்நடைக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். மூன்றுக்கும் கடைசித் தேதி வேறு வேறு, கேட்கும் சான்றிதழ்களும் வேறு வேறு. சாதிச் சான்றிதழ், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழ் இரண்டையும் முடிவு வரும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள். ஆறாம், ஏழாம் வகுப்பை வேறு பள்ளியில் படித்திருந்தால் அங்கேயும் போய்த் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். நான் அதற்கே இரண்டு முறை பஸ் ஏறினேன்.