காம்பரா 14: அரைப் பொதி

என் மேசை இலாச்சியில் ஒரு 80 பக்க அப்பியாசக் கொப்பி இருக்கிறது. மழையில் நனைந்து காய்ந்ததால் தாள்கள் அப்பளம் போல நெளிந்துவிட்டன. 2020 ஏப்ரலில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 140 உலர் உணவுப் பொதிகள் கொடுத்தபோது நான் எழுதிய பெயர்ப் பட்டியல் அது. வருமான வரி விபரத்திரட்டு நிரப்பும் காலம் வந்து, யாராவது கோப்பைத் தூக்கிக்கொண்டு "கொடுத்ததை வரியில் கழிக்கலாமா?" என்று கேட்கும்போதெல்லாம் அந்தக் கொப்பியை எடுத்து மேசைமேல் வைக்கிறேன்.

ஹட்டன் நகரத்தில் சிறிய கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். 22 வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். நான் பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். அம்மா அங்கே கொழுந்து எடுத்தார்.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு கொரோனாவுக்காக இலங்கை முழுவதும் ஊரடங்கு வந்தது. தோட்டத்தில் வேலை நிற்கவில்லை. கொழுந்து எடுத்தார்கள், நிறுத்தார்கள், ஆலை ஓடியது. அதனால் தோட்டத்து ஜனங்களுக்கு வருமானம் தடைப்படவில்லை என்று வெளியில் இருந்தவர்கள் நினைத்தார்கள். லயத்துக்குள், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளுக்குள், போய்ப் பார்த்தால்தான் தெரியும். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்த பிள்ளைகள் அனுப்பும் காசை நம்பித்தான் பாதிக் காம்பராக்களில், அதாவது ஒரு குடும்பம் வாழும் லயத்து அறைகளில், அடுப்பு எரிகிறது. கடைகள் பூட்டியதும் அந்தக் காசு நின்றது. சில பிள்ளைகள் கொழும்பிலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பெயர் இல்லாமல் கைக்காசுக்குப் போகிறவர்கள், வேலையிலிருந்து நின்றுவிட்ட முதியவர்கள், இவர்களைப் பற்றி எந்தப் பட்டியலிலும் ஒரு வரி கூட இல்லை.

ஊரடங்கு தொடங்கிய இரண்டாவது வாரத்தில் நான் கணக்குப் பார்க்கும் கடை முதலாளி ஒருவர் போன் செய்தார். "தம்பி, கடைக்குள் இருக்கிற சாமானைப் பிரித்துக் கட்டிவிடுவோம். யாருக்கு அவசியம் என்று உனக்குத் தெரியும். பொலிஸில் பாஸ் எடுக்கிறேன்" என்றார். அந்த நாட்களில் பருப்பு கிலோ 65 ரூபாய்க்கும் டின் மீன் 100 ரூபாய்க்கும் மேல் விற்கக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை போட்டிருந்தது. அதைவிடக் கூடுதலான விலைக்கு வாங்கிய பருப்பு அவர் களஞ்சியத்தில் கிடந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து கிலோ அரிசி, இரண்டு கிலோ கோதுமை மா, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ சீனி, தேங்காய் எண்ணெய் ஒரு போத்தல், கால் கிலோ நெத்தலி, ஒரு சவர்க்காரம். ஒரு பொதிக்கு அடக்கவிலை 1,500 ரூபாய். 140 பொதிக்கு 210,000 ரூபாய்.

நாங்கள் போன அன்று காலையிலிருந்தே தூறல். ஒரு லயத்தில் பன்னிரண்டு காம்பரா என்றால் பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஒரே பைப். ஒவ்வொரு காம்பராவும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. இடைவெளி விட்டு நில்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனவர்கள் அந்த வாசலில் ஒரு முறை நின்று பார்த்திருக்க வேண்டும். யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை. படம் எடுக்கவில்லை. வாசலில் பொதியை வைப்பது, பெயரைக் கேட்டு எழுதுவது, அடுத்த வாசலுக்கு நகர்வது. இதில் நான் உறுதியாக இருந்தேன். பசித்தவனை கேமரா முன்னால் நிறுத்துவது அவன் கையில் கொடுத்ததைத் திருப்பிப் பறிப்பதற்குச் சமம்.

பதினான்காவது காம்பராவில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். பொதியைத் தூக்கிப் பார்த்தார், கட்டை அவிழ்த்தார். அரிசியில் பாதியை முறத்தில் கொட்டினார். பருப்புப் பையைக் கையால் நிதானித்துப் பாதியை ஒரு டின்னில் போட்டார். மா, சீனி எல்லாவற்றையும் அப்படியே செய்தார். எண்ணெய்ப் போத்தலைத் தொடவில்லை. மிச்சத்தைப் பழையபடி கட்டி என் கையில் கொடுத்தார்.

"நான் ஒருத்திதானே சாமி. பக்கத்துக் காம்பராவில் ஆறு வாய் இருக்கிறது. அங்கே கொடு. என் பெயருக்கு நேரே பாதி என்று எழுது. முழுசாக வாங்கினேன் என்று எழுதாதே."

எழுதினேன். காம்பரா 14, அரை. காம்பரா 15, ஒன்றரை. மழைத்துளி விழுந்து அந்த இடத்தில் மை பரவியிருக்கிறது. ஆனாலும் வாசிக்க முடியும்.

அந்த ஏப்ரல் 2020/21 வரிமதிப்பு ஆண்டில் விழுந்தது. நம் நாட்டில் வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. விபரத்திரட்டு அடுத்த நவம்பர் 30க்குள் போக வேண்டும். ஆக, 2021 அக்டோபரில், மற்றொரு நீண்ட முடக்கம் தளர்ந்த கையோடு, முதலாளியும் நானும் கணக்குக்கு உட்கார்ந்தோம். அவர் கொப்பியைப் புரட்டிவிட்டு, "இதை வியாபாரச் செலவில் போடலாம்தானே?" என்று கேட்டார்.

முடியாது என்றேன். வருமானம் ஈட்டுவதற்காகச் செய்த செலவைத்தான் வியாபாரச் செலவாகக் கழிக்கலாம். இது தானம். தானத்துக்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது, தகைமை பெறும் கொடுப்பனவு என்று பெயர். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் இருக்கிறது. நோயாளிகளையும் வறியவர்களையும் வைத்துப் பராமரிக்கும் நிறுவனமாக இருந்து, அமைச்சரால் அங்கீகரிக்கப்பட்டும் இருந்தால், அதற்குக் காசாகக் கொடுத்ததைத் தனிநபர் ஒருவர் கழிக்கலாம். அதற்கும் எல்லை உண்டு. வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. கம்பெனி என்றால் ஐந்தில் ஒரு பங்கு அல்லது 500,000 ரூபாய். அரசாங்கத்துக்கு, உள்ளூராட்சி சபைக்கு, அரசாங்கம் அமைத்த நிதியத்துக்குக் கொடுப்பது வேறு கணக்கு. காசாக இருந்தாலும் பொருளாக இருந்தாலும், அந்த 75,000 எல்லை அங்கே இல்லை.

லயத்து வாசலில் வைத்த அரிசிக்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடையாது. பெயர் இருக்கிறது, காம்பரா இலக்கம் இருக்கிறது, சிலருடைய கைநாட்டுக் கூட இருக்கிறது. ஆனால் பற்றுச்சீட்டு கொடுக்கும் தகுதி பாட்டிக்கு இல்லை.

முதலாளி கோபப்படவில்லை. "சரி, எவ்வளவு போனது என்று மட்டும் சொல்" என்றார். போட்டுக் காட்டினேன். அந்த ஆண்டு அவருடைய வருமானம் ஏறக்குறைய 50 லட்சம். 2020 ஜனவரியிலிருந்து தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாமல் விடும் ஆண்டு வருமானம், 30 லட்சமாக இருந்ததால் மிச்சம் 20 லட்சத்துக்கு 6 சதவீதம், அதாவது 120,000 ரூபாய் வரி. 210,000 ரூபாய் முழுவதும் கழிக்கத்தக்கதாக இருந்திருந்தால் 12,600 ரூபாய் குறைந்திருக்கும். அங்கீகாரம் பெற்ற இல்லமொன்றுக்கு 75,000 கொடுத்திருந்தால் 4,500.

"12,600 என்றால் எட்டுப் பொதி" என்றார் அவர். பென்சிலை எடுத்து கொப்பியின் பின்னட்டையில் 8 என்று எழுதி வட்டம் போட்டார். அந்த வட்டம் இன்னும் இருக்கிறது.

வரித் திட்டமிடல் என்றால் பணக்காரர் தப்பித்துக்கொள்ளும் தந்திரம் என்று நம்மிடையே ஒரு எண்ணம் இருக்கிறது. தானத்தையும் வரியையும் ஒரே வாக்கியத்தில் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது எட்டுப் பொதி. எட்டு வாசல். சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவைத் தெரியாமல் விட்டுவிட்டால், அந்த எட்டு வாசலைத் தாண்டிப் போனவர்கள் ஆகிறோம். அதே சமயம் பற்றுச்சீட்டு கிடைக்காது என்பதற்காக 2020 ஏப்ரலில் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால், 12,600 ரூபாயைக் காப்பாற்ற 140 வாசல்களைக் கைவிட்டிருப்போம். பசிக்கு முதலில் சோறு, பிறகுதான் காகிதம். இந்த வரிசையை யாருக்காகவும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இப்போது இந்தக் கணக்கின் எடை கூடிவிட்டது. 2023 ஜனவரியில் நிவாரணம் 12 லட்சமாக இறங்கியபோது ஆசிரியர்களிலும் தாதியரிலும் வங்கியில் வேலை செய்யும் பிள்ளைகளிலும் பலர் வரிக்குள் வந்தார்கள். 2025 ஏப்ரல் முதல் அது 18 லட்சம், மாதத்துக்கு 150,000. மேல் படியில் இருப்பவருக்கு 36 சதவீதம். அந்தப் படியில் வருமானம் உள்ள ஒருவர் அதே 210,000 ரூபாயை அரசாங்கத்துக்கோ உள்ளூராட்சி சபைக்கோ முறைப்படி கொடுத்தால் 75,600 ரூபாய் வரி குறையும். 2020 விலையில் ஐம்பது பொதி! மலையகத்திலிருந்து படித்துக் கொழும்பில் நல்ல வேலையில் இருக்கும் பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மாதச் சம்பளத்தில் வரியைக் கழிக்கும்போது உங்கள் தானத்தைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நீங்கள்தான் விபரத்திரட்டில் காட்டி, கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். ஓர் ஆசிரியை சிகிச்சை உதவிக்கென்று ஓர் அமைப்புக்கு 60,000 ரூபாய் அனுப்பினார். கெட்டித்தாளில் அழகாக அச்சடித்த சான்றிதழ் வந்தது. அங்கீகார விபரம் எதுவும் அதில் இல்லை, கேட்டும் பதில் இல்லை. அந்தக் காசு நல்ல காரியத்துக்கே போயிருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கழிக்க முடியவில்லை. கோயில் திருவிழாவுக்குக் கொடுப்பதும் இப்படித்தான். புண்ணியம் உண்டு, நோயாளியையோ வறியவரையோ வைத்துப் பராமரிக்கும் இடம் அல்ல என்பதால் கழிவு இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஒட்சிசன் கருவியோ கட்டிலோ வாங்கிக் கொடுப்பவர்கள் பொருளை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டாம். யார் பெயரில் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டு, பொருளின் பெறுமதி எழுதிய ஏற்புக் கடிதத்தை முத்திரையோடு வாங்குங்கள். கடை பில்லை அதனோடு சேர்த்துக் குத்துங்கள். அரை மணி நேர வேலை.

லயத்துக்கு உணவு கொடுப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. பிரதேச சபை ஓர் உள்ளூராட்சி சபை. அதற்குப் பொருளாகக் கொடுத்தாலும் கழிவு உண்டு. முன்பெல்லாம் தோட்டத்துக்குள் சபை வேலை செய்யச் சட்டமே தடையாக இருந்தது. வாக்கு மட்டும் வாங்கினார்கள், விளக்குக் கம்பம் கூட நட முடியாது என்றார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தத் தடை நீங்கியது. ஆகவே சபைக்குப் பொதிகளைக் கையளித்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டால், லயத்தைத் தெரிந்தவர்கள் தயாரித்த பட்டியல்படி சபையே கொடுக்கலாம். 2020இலேயே இதைச் செய்ய முடிந்திருக்கும். எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

போன மாதம் முதலாளியும் நானும் சபை அலுவலகத்துக்குப் போனோம். நோய் எதுவும் இல்லாத நேரத்தில் எதற்கு என்று அங்கே இருந்த உத்தியோகத்தர் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். நோய் வந்த பிறகு படிவம் தேட முடியாது என்று சொல்லிக் கொப்பியைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, காம்பரா 14இல் நிறுத்தினார்.

"அரை என்றால் என்ன, அண்ணன்?"

சொன்னேன். சிறிது நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மாதிரிப் பற்றுச்சீட்டு வரைந்தார். கொடுப்பவர் பெயர், பொருள், பெறுமதி, திகதி. அதன் கீழே, பெறுநர் பட்டியல் இணைப்பு. அந்த இணைப்பில் அளவுக்கென்று ஒரு பத்தி போட்டார், அரையும் ஒன்றரையும் எழுதும்படி.